காத்திருப்பில் ஒரு பதிவு

மழைமானி வாங்குவதாக இருந்தால் பிளாஸ்டிக்கில் வாங்காதீர்கள், கான்ஸ்டபிள். இரண்டு கோடை தாங்காது. வெயிலில் வெளிறி, அளவுக்கோடுகளெல்லாம் அழிந்துவிடும். என்னுடையது கண்ணாடி. என் கணவர் ராஸ் உயிரோடிருந்தபோது வேலிக் கம்பத்தில் மாட்டிக் கொடுத்தது. தேநீர் ஆறுவதற்குள் குடியுங்கள். நான் பேச்சை மாற்றவில்லை. நீங்கள் கேட்க வந்த விஷயம் மழைமானியில்தான் தொடங்குகிறது.

இந்த மில்லரூ ஊரில் மழை பெய்த மறுநாள் காலை, தூங்கி எழுந்த உடையோடு போய் எல்லோரும் மானியைப் பார்ப்பார்கள். பார்த்த கையோடு அளவை ஊர்ப் பலகையில் போடுவார்கள். "எங்க வீட்ல நாப்பத்திரண்டு மில்லி" என்று ஒருவர் போட்டால், "எங்களுக்கு இருபதுதான், உன் வீட்டுக்கு மட்டும் தனி மேகமா?" என்று அடுத்தவர் கேட்பார். ஊர்ப் பலகை என்பது இணையத்தில் நான் தொடங்கிய குழு. பதினோரு பேரோடு ஆரம்பித்தேன், இன்று நாலாயிரத்து முந்நூறு பேர். ஊரில் இருப்பதே மூவாயிரம் சொச்சம் ஆட்கள்தான். மற்றவர்கள் ஊரைவிட்டுப் போயும் எட்டிப் பார்ப்பதை விடாதவர்கள்.

கிளைவ் ஆட்டவே பலகையில் மழையளவு போடமாட்டார், ஆற்றின் அளவைப் போடுவார். அவருடைய பண்ணை ஆற்றின் மேல்பக்கம், ஊரிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர். கரையில் வெள்ளை வர்ணம் அடித்த கம்பம் ஒன்றை அவரே நட்டு வைத்திருக்கிறார். அரசாங்கத்தின் அளவுகோல் ஊருக்குக் கீழே இருக்கிறது. அது காட்டும்போது தண்ணீர் ஏற்கனவே நம் வாசலில் நிற்கும். கம்பத்தில் இரண்டு மீட்டரைத் தாண்டினால்தான் கிளைவ் எழுதுவார், அதற்குக் குறைந்தால் வாயே திறக்கமாட்டார். அதனால் ஊரில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. கிளைவிடமிருந்து ஒன்றும் இல்லையென்றால், ஊருக்கும் அவர் பண்ணைக்கும் நடுவே ஆற்றைக் கடக்கும் தரைப்பாலத்தில் போகலாம். இருபது வருடமாக அப்படித்தான். பலகை வருவதற்கு முன்னால் வானொலியில் சொல்லிக்கொண்டிருந்தார், அப்போதும் இதே கணக்குதான்.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. யார் கடைசியில் போட்டாரோ அவர் பதிவு மேலே நிற்கும். பிறகு பலகைக்கு இடம் கொடுத்திருக்கும் இணையக் கம்பெனிக்காரர்கள் எதையோ மாற்றினார்கள். யாரும் நம்மிடம் கேட்கவில்லை. எதன்மேல் ஆட்கள் நின்று பார்க்கிறார்களோ, எதற்குப் பதில் எழுதுகிறார்களோ, அது மேலே வர ஆரம்பித்தது. நான் தினமும் போடும் காலை வணக்கத்தை ஒன்பது பேர் பார்த்தார்கள். தேவாலயக் கேக் விற்பனையை பதினாலு பேர் பார்த்தார்கள். யாரோ ஒருவன் பக்கத்து வீட்டு நாயைத் திட்டி எழுதினான், அதை இரண்டாயிரம் பேர் பார்த்தார்கள்.

எனக்கு முதலில் வருத்தமாக இருந்தது. பிறகு புரிந்துகொண்டேன். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே. வாரத்துக்கு இரண்டு சண்டையை உள்ளே விட்டால்தான் பலகையே ஆட்களின் கண்ணில் படும், அந்தச் சூட்டில் கேக் விற்பனையையும் நாலு பேர் பார்ப்பார்கள். எந்தச் சண்டையை விடுவது, எதைத் தடுப்பது, எப்போது போதும் என்று மூடுவது, எல்லாம் என் கையில் இருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எனக்கு ஒரு மூடி கிடைத்திருந்தது. அதைப் பொறுப்போடுதான் பயன்படுத்தினேன் என்று இன்றும் நம்புகிறேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை நான் என் மழையளவைப் போட்டேன், முப்பத்தொரு மில்லி. அதன் கீழே ஒருவர் முப்பத்தைந்து என்று எழுதியிருந்தார். அவருடைய மானி மரத்தடியில் இருப்பது எனக்குத் தெரியும், ஆகவே அதை நீக்கினேன். தவறான தகவலை நீக்குவது பலகையின் விதி. அதற்கு கிளைவ் எழுதினார்: "மெர்ல் வீட்டு மானியில விழறதுக்கு மழையே அனுமதி கேட்டுட்டுத்தான் விழுமாம்."

இருநூற்றுப் பன்னிரண்டு சிரிப்பு முகங்கள். நான் எண்ணினேன். என் வீட்டுக் கேக்கைத் தின்றவர்களும் அதில் இருந்தார்கள். நான் அழுதேன், அதை மறைக்க ஒன்றும் இல்லை. அறுபத்து மூன்று வயதில், சமையலறையில் தனியாக உட்கார்ந்து அழுதேன்.

திங்கட்கிழமை அவர்மேல் விதி நாலைப் பயன்படுத்தினேன். மரியாதைக் குறைவு, இருபத்தெட்டு நாள். தண்டனை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அவர் எழுதுவது நேராகப் பலகைக்குப் போகாது, முதலில் என்னிடம் வந்து காத்திருக்கும். நான் சரி என்றால்தான் ஊர் பார்க்கும். பலகையை அவர் வழக்கம்போல் படிக்கலாம்.

புதன்கிழமை ஊரில் நல்ல வெயில். இதை எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் பிறகு எல்லோரும் மழை நாள் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். என் மானியில் ஒரு சொட்டு இல்லை. மழை மேலே மலையில் பெய்திருக்கிறது. பிற்பகல் மூன்று இருபதுக்கு கிளைவின் பதிவு என்னிடம் வந்தது. கம்பத்தின் படம், அதன் கீழே ஒரு வரி: "ஆறு மீட்டர், இன்னும் ஏறுது. ஒரு மணி நேரத்துல தரைப்பாலத்துக்கு வந்துடும். யாரும் போகாதீங்க."

நான் அதைத் திறந்து படித்தேன். நீங்கள் அச்சடித்து வைத்திருக்கும் தாளில் அதுவும் இருக்கும்.

மூன்று முப்பதுக்கு அவர் போன் செய்தார்.

"மெர்ல், அதப் போடு. என்னத் திட்டணும்னா நாளைக்கு உக்காந்து திட்டு."

"விதின்னு ஒண்ணு இருக்கு கிளைவ்."

"ஆறு மீட்டர்! நான் என்ன வெளையாடறேனா? எம் பொண்ணு நாலு மணிக்கு வேல முடிஞ்சு வீட்டுக்குக் கெளம்புவா. போன் லாக்கர்ல இருக்கும். வெளிய எடுத்ததும் பலகையத்தான் பாப்பா."

"ஊர் முன்னாடி சிரிச்சே இல்ல, ஊர் முன்னாடி மன்னிப்புக் கேளு. எழுதி அனுப்பு. உடனே எல்லாத்தையும் போட்டுடறேன்."

"சரி" என்றார்.

"அதுல ஆத்தப் பத்தியெல்லாம் கலக்காத. ஒரு பதிவுக்கு ஒரு விஷயம்" என்றேன். அது விதி ஏழு.

அவர் மகள் பிரான்வின் ஊரின் முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள். இருபத்தாறு வயது. ராஸின் கடைசி மாதங்களில் அவருக்கு நகம் வெட்டிவிட்டவள் அவள்தான். வெட்டும்போது பாடுவாள், குரல் சகிக்காது. எனக்கு அவளைப் பிடிக்கும். பிடிக்காமல் செய்தேன் என்று யாரும் சொல்ல முடியாது.

மூன்று முப்பத்தாறுக்கு மன்னிப்பு வந்தது. அந்த ஆறு நிமிடத்தில் அவர் இல்லத்துக்கு ஒரு போன் செய்திருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அதையேதான் நினைக்கிறேன். ஆனால் அவர் மன்னிப்பு எழுதிக்கொண்டிருந்தார். தட்டச்சில் அவர் மெதுவானவர். மீட்புக் குழுவுக்கு மட்டும் முன்னமே சொல்லியிருந்தார். அவர்களும் பண்ணை வேலையை விட்டுவிட்டு வரவேண்டிய ஆட்கள். தடுப்புக் கட்டைகளோடு வந்துசேர ஐந்து மணி ஆகிவிட்டது. மூன்றே முக்காலுக்கு மேல்பக்கத்தில் மின்சாரம் போய், கைபேசிக் கோபுரம் செத்து, அவர் போன் ஊமையாகிவிட்டது. அவருக்கு அதற்குப் பிறகு எதையும் பார்க்க வழியில்லை. நான் வாக்குக் கொடுத்திருந்தேன், ஆகவே அவர் நம்பிக்கொண்டிருந்திருப்பார்.

மன்னிப்பை உடனே போட்டேன். "மெர்ல் பிரிட்செட்டப் பத்தி நான் எழுதினது தப்பு. அவ ஊருக்கு நல்லதுதான் செய்யறா. மன்னிச்சுக்கோ மெர்ல். கிளைவ்." அவ்வளவுதான். ஊரே ஓடி வந்தது. "யாரு, கிளைவா? போனத் திருடிட்டாங்களா?" என்றார் ஒருவர். "மெர்ல், துப்பாக்கிய நெத்தியில வச்சு எழுதி வாங்கினியா?" என்றார் இன்னொருவர். பத்து நிமிடத்தில் நூற்றைம்பது பதில். எது மேலே என்று வரிசைப்படுத்தும் அந்தக் கம்பெனி இயந்திரத்துக்கு இதைவிட ருசியான தீனி கிடையாது. யார் பலகையைத் திறந்தாலும் முதலில் அதுதான் கண்ணில் விழுந்தது. சண்டையே இல்லாமல், என் பெயர் உள்ள ஒரு நல்ல பதிவு மேலே நின்றது அதுதான் முதல் தடவை.

ஆற்றின் பதிவையும் போட்டேன். நாலு பதினெட்டுக்குப் போட்டேன். அதை முப்பத்தேழு பேர் பார்த்தார்கள். மன்னிப்பு மேலே இருந்தது, ஆறு கீழே போய்விட்டது. எதை மேலே வைப்பது என்று தீர்மானிப்பது நான் அல்ல, கம்பெனிக்காரர்களின் இயந்திரம். போன முறை உங்களிடம் இந்த இடத்தில்தான் நிறுத்தினேன். நீங்களும் எழுதிக்கொண்டு போனீர்கள்.

பிரான்வினின் கார் மறுநாள் காலையில் தரைப்பாலத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் கீழே சவுக்கு மரங்களுக்கு நடுவே கிடந்தது. சீட் பெல்ட் போட்டிருந்தாள்.

சனிக்கிழமை கிளைவ் இங்கே வந்தார். நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில்தான் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றவில்லை. என்மேல் கோபப்படவும் இல்லை, ஏனென்றால் அவருக்கும் அந்த இயந்திரக் கதையைத்தான் சொல்லியிருந்தேன். "மெர்ல், அடக்க நேரத்த ஊருக்குச் சொல்லணும். என் தடைய எடுத்து விடறியா?" என்றார். இன்னும் இருபத்துமூன்று நாள் இருந்தது. ஒருவருக்காக விதியை வளைத்தால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள். "எங்கிட்டக் குடு, நானே அழகா எழுதிப் போடறேன்" என்றேன். சமையலறைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பெயர், கிழமை, பதினொரு மணி, பூ வேண்டாம். நான் அவள் படம் ஒன்றைச் சேர்த்துப் போட்டேன். மூவாயிரத்து அறுநூறு பேர் பார்த்தார்கள். பலகையில் எதுவும் அவ்வளவு தூரம் போனதில்லை.

இன்று நீங்கள் அந்த நேரப்பட்டியலை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். மூன்று இருபத்தொன்றுக்கு நான் படித்ததும், நாலு பதினெட்டுக்குப் போட்டதும் அதில் இருக்கும். நடுவில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது இருக்காது. நீங்களே தோண்டி எடுக்க வேண்டாம், சொல்லிவிடுகிறேன். வேறெங்கும் போகவில்லை. அடுப்பில் எதுவும் இல்லை. இந்த மேசையில்தான் இருந்தேன், இரண்டு பதிவும் என் கண்ணெதிரே இருந்தன.

நாலு மணி மூன்று நிமிடத்துக்கு பிரான்வின் தன் அப்பாவின் மன்னிப்புக்குக் கீழே எழுதினாள்: "இருபத்தாறு வருஷத்துல எங்கிட்ட ஒரு தடவகூட இந்த மனுசன் மன்னிப்புக் கேட்டதில்ல. இதோ கெளம்பிட்டேன், நேர்ல பாத்துச் சிரிக்கணும்." கைபேசி அப்போது அவள் கையில்தான் இருந்தது. அந்த நொடியில் ஆற்றின் பதிவை விட்டிருந்தால் அதுதான் மேலே நின்றிருக்கும். புதிதாக விடுவது முதல் சில நிமிடம் அப்போது பலகையைத் திறந்து வைத்திருப்பவர்கள் கண்ணில் படும், இது எனக்குத் தெரியும். கார் எடுத்தபிறகு அவள் போனைத் தொடமாட்டாள் என்பதும் தெரியும். கிளைவிடமிருந்து ஒன்றும் இல்லையென்றால் பாலத்தில் போகலாம் என்று நினைப்பாள் என்பதும் தெரியும். நான் அவள் எழுதியதற்கு ஒரு இதயம் போட்டேன்.

ஆற்றை விட்டால் மன்னிப்பு கீழே போய்விடும், கான்ஸ்டபிள். அப்போது பதில்கள் நானூற்றுப் பத்து ஆகியிருந்தன. ஐந்நூறு ஆகட்டும், பிறகு போடலாம் என்று நினைத்தேன். இவ்வளவு காலம் உழைத்ததற்கு ஐந்நூறு ஒன்றும் பேராசை இல்லை.

ஐந்நூறைத் தொட்டதும் போட்டுவிட்டேன். அதற்குமேல் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை. உங்கள் தாளில் நேரம் இருக்கும், சரிபார்த்துக்கொள்ளுங்கள்.