சாமி வேட்டு என்று நினைத்தார்கள்

காலை 9.20. முதலில் பார்த்தது சேறு. மூக்கிலிருந்து ஒரு விரல் தூரம். நான் கால்வாயில் குப்புறக் கிடக்கிறேன்.

ஒரு வெடி. ஒன்றுதான். கனமான சத்தம், கிழக்கே, இருநூறு கஜம். பீரங்கி என்று உடம்பு முடிவு செய்துவிட்டது. நான் யோசிக்கும் முன்பே விழுந்துவிட்டது.

இது போர்முனை இல்லை. 1966 தை மாதம். உத்திரமேரூருக்குத் தெற்கே நான்கு மைல். எங்கள் சேரி. பதினான்கு குடிசைகள்.

போன செப்டம்பரில் மேற்கு எல்லையில் இருந்தேன். என் பள்ளத்துக்குப் பக்கத்துப் பள்ளத்தில் குண்டு விழுந்தது. அதில் ஐந்து பேர். யாரும் எழவில்லை. அதற்குப் பிறகு எந்தச் சத்தம் கேட்டாலும் விழுவேன். பஸ் டயர் வெடித்தால் விழுவேன். ராணுவ ஆஸ்பத்திரியில் ஒரு மலையாளத்து ஆர்டர்லி வழி சொன்னார். முதலில் கை. கையில் படுவதைச் சொல். பிறகு மூக்கு. பிறகு காது. கடைசியில் கண். அதற்குள் மூச்சு திரும்பிவிடும். பட்டாளத்துக்கு முன் மதராஸில் ஒரு பத்திரிகையில் மூன்று வருஷம் ப்ரூஃப் பார்த்தவன் நான். வரிசையாகப் பார்ப்பது எனக்குச் சுலபம். கைக்கடிகாரம் பார்த்து நேரத்தையும் சேர்த்துக்கொண்டேன்.

ஊருக்கு வந்தபின் அக்கா சூசையம்மா வீட்டில்தான் சாப்பாடு. நான் முணுமுணுப்பதைப் பார்த்து அவள் சிரிப்பாள்.

"இன்னாடா, வாத்தியார் மாரி ஆஜர் எடுத்துக்கினு கீற?"

"கை: கிண்ணம் சூடு. மூக்கு: கேவுருக் கூழ் வாசனை. நாக்கு: உப்பு கம்மி."

"உப்பு கம்மின்றது உன் டாக்டர் சொன்னதா, நீயா சேத்துக்கினியா? துன்னுட்டு எந்திரிடா, பட்டாளத்தாரே."

அன்று அறுவடைக்கு யாரும் போகவில்லை. கூலி நெல் ஒரு படி கூடுதலாகக் கேட்டிருந்தோம். மிராசுதார் வேதகிரி தரவில்லை. நடக்க முடிந்த ஆண்கள் எல்லோரும் மனு கொடுக்க விடியற்காலையிலேயே தாலுகா ஆபீசுக்கு நடந்தார்கள். நான் போகவில்லை. அங்கே இருக்கும் பஸ் ஸ்டாண்டு சத்தத்துக்குப் பயந்தேன். முகம் கழுவக் கால்வாய்க்கு வந்தேன்.

ஊரில் ஒரு வழக்கம். சாமி ஏரிக்குப் புறப்பட்டால் ஒரு வேட்டு போடுவார்கள். அது கேட்டதும் சேரிக்காரர்கள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்த வேண்டும். சாமி எங்களைத் தாண்டிய பிறகு இரண்டாவது வேட்டு. அப்போதுதான் வெளியே வரலாம். எத்தனை தலைமுறையாகவோ இப்படி. எங்களுக்கு வேதக்கோயில், ஏசு சாமி. அந்தச் சாமி எங்களுடையதும் இல்லை. ஆனாலும் சாத்துவோம். அன்று திருவிழா இல்லை. ஏன் வேட்டு என்று யாரும் கேட்கவில்லை. பதினான்கு கதவுகளும் சாத்தப்பட்டன.

வெளியே இருந்தவன் நான் ஒருவன்.

கை: சேறு, குளிர்ச்சி. ஒரு நத்தை ஓடு. மூக்கு: வெடிமருந்து. அதற்கு அடியில் மண்ணெண்ணெய். காது: செருப்பு, இரண்டு ஜோடி. தகரம் எதிலோ இடிக்கிறது. நாதாங்கிச் சங்கிலியை வெளியிலிருந்து மாட்டும் சத்தம். ஒன்று. இன்னொன்று. இன்னொன்று. பிறகு ஒரு குரல். வேதகிரியின் குரல். சின்ன வயதிலிருந்து கேட்ட குரல்.

"காத்து கெயக்கால இருந்து வருது. அந்தக் கடைசி வூட்ல வைடா, கண்ணப்பா. தானா புடிச்சிக்கும்."

கண்: கரைமேல் குடை. குடைக்குக் கீழே வேதகிரி. கீழே கண்ணப்பன், கோயில் வேட்டு போடுகிறவன். கையில் தகரம். கிழக்குக் கோடி வீட்டுக் கூரையில் புகை.

அது அக்காவின் வீடு.

9.24. நான்கு நிமிஷம் ஆகியிருந்தது. அந்த நான்கு நிமிஷமும் என் கணக்கில்தான். மறைக்கவில்லை.

எழுந்து ஓடினேன். கத்தினேன். "சாமி இல்ல! வெளிய வாங்க! நெருப்பு! சாமி இல்ல!"

எனக்குப் பக்கத்தில் இருந்த மேற்குக் கோடியிலிருந்து தொடங்கி ஐந்து சங்கிலிகளைக் கழற்றினேன். வெளியே வந்தவர்கள் மற்றதைக் கழற்றினார்கள். கிழக்குக் கோடிக்குப் போக முடியவில்லை. கூரை 9.31க்கு விழுந்தது. அதுவரை உள்ளே குரல் கேட்டது.

அடுத்த ஆவணியில் செஷன்ஸ் கோர்ட். நான்தான் முக்கிய சாட்சி. நான் குழறினால் வேதகிரி வீட்டுக்குப் போவார். எதிர்க்கட்சி வக்கீல் அதை நம்பித்தான் எழுந்தார்.

"வேட்டுச் சத்தம் கேட்டா உங்களுக்குப் புத்தி கலங்கிடும். சரிதானே?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். 11.05. வெளியே ஒரு வெடி. காம்பவுண்டு சுவருக்குப் பின்னால். யார் வைத்தது என்று இன்றுவரை தெரியாது. ஏன் வைத்தது என்று தெரியும்.

முழங்கால் மடங்கியது. கூண்டின் கட்டையைப் பிடித்தேன். கை: மரம், ஓர் ஆணித் தலை. மூக்கு: பழைய காகிதம், யாரோ போட்ட வெற்றிலை. காது: மின்விசிறி, தட்டச்சு. கண்: வேதகிரி. சிரித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தையே பார்த்தேன். இவனை விடக்கூடாது. விழுந்தால் விட்டுவிடுவேன். முழங்கால் நிமிர்ந்தது.

"கலங்கும். விழுவேன். விழுந்த இடத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்" என்றேன்.

சொன்னேன். நத்தை ஓட்டிலிருந்து குடை வரை. நிமிஷம் நிமிஷமாக. ஒரு சொல் மாற்றவில்லை. நடுவில் வக்கீல் உட்கார்ந்துவிட்டார். கண்ணப்பனுக்குப் பத்து வருஷம். வேதகிரிக்கு ஆயுள்.

எனக்கு அது போதவில்லை.

மாதம் ஒருமுறை சிறைக்குப் போகிறேன். மனு எழுதிக் கொடுத்து, வரிசையில் நின்று. மூன்று வருஷமாக. வேதகிரி வருகிறார். கருணை மனுவுக்கு என் தயவு உதவும் என்று நினைக்கிறார். போன மாதம் அவர் கம்பியைப் பிடித்திருந்தார்.

"கதவு சாத்துற சத்தம் கேட்டா மாரு அடச்சிக்குதுப்பா. தூக்கம் கெடயாது. நீ எப்டித்தான் தேறின? இன்னா பண்ண? சொல்லுப்பா, உனக்குப் புண்ணியமா போவும்."

எப்படி என்று தெரியும். கை, மூக்கு, காது, கண். சொல்லித்தர இரண்டு நிமிஷம் போதும்.

சொல்லவில்லை. சொல்லமாட்டேன். ஒவ்வொரு முறையும் அவரிடம் நான் சொல்வது அன்று எரிந்ததன் பட்டியல் ஒன்றுதான். சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன்.

குடிசை ஒன்பது. வெள்ளாடு நான்கு. விதைநெல் முழுவதும். வேதக்கோயில் மணி ஒன்று, அக்கா வீட்டில் பழுதுபார்க்க வைத்திருந்தது.

அடுத்த வீட்டு முனியன், வயது எழுபது இருக்கும். கண் தெரியாதவர்.

சூசையம்மா, முப்பத்தொன்று.

அவள் மகள் ரோசி. ஆறு.