நாவற்குழிப் பாலத்தைத் தாண்டியவர்கள்

"கிடவுங்கோ, கிடவுங்கோ. குத்தப்போறான்."

யாரோ கத்துகிறார். பாலத்தில் கிடக்க இடமில்லை. நின்றபடியே குனிகிறோம். ஆறு மாதக் குழந்தை ஆரணியை நெஞ்சோடு ஒடுக்குகிறேன். பொம்மர் விமானம் குத்தென இறங்கி இரைந்துவிட்டுப் போகிறது. குண்டு விழவில்லை. மறுபடியும் நகர்கிறோம். நகர்வது என்றால் ஓரடி. பிறகு நிற்பது.

1995. ஐப்பசிக் கடைசி. இராணுவம் யாழ்ப்பாண நகரை நெருங்கிவிட்டது. வடக்கே 'டும்' என்று ஒரு சத்தம். பிறகு அமைதி. பிறகு கூவிக்கொண்டு வரும். கூவல் கேட்டால் பீரங்கிச் செல் எங்களைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். வழி முழுக்கக் கூவல் கேட்டது.

அதற்கு முதல் நாள் பின்னேரம் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் எங்கள் வீட்டு ஒழுங்கைக்குள் வந்தது. எல்லோரும் உடனே வெளியேற வேண்டும் என்றது. வீட்டில் நாங்கள் நால்வர். நான், என் கணவர் சிவநேசன், குழந்தை, அவருடைய தகப்பன். மாமாவுக்கு ஒரு கால் இல்லை. முந்திய வருடம் சந்தையில் விழுந்த செல் எடுத்தது. சைக்கிள் கரியரில் இருத்திப் பார்த்தோம். சரிந்தார். மறுபடியும் இருத்தினோம். மறுபடியும் சரிந்தார்.

"என்னை விட்டிட்டு நீயும் போடா," என்றார் மாமா.

சிவநேசன் சைக்கிளைச் சுவரில் சாத்தினார். என்னிடம் திரும்பினார். "நீர் பிள்ளையோட முன்னுக்கு நடவும். நான் ஒரு கைவண்டில் பாத்து ஐயாவை ஏத்திக்கொண்டு வாறன்."

"எல்லாரும் ஒண்டாப் போவம்."

"வேண்டாம். பாலத்தில நிண்டு பாத்துக்கொண்டு இராதையும். சாவகச்சேரியில சந்திப்பம்."

குழந்தையின் தலையை ஒருமுறை தடவினார். வண்டில் தேடி ஓடினார். நான் நடந்தேன்.

மழை. தெருவை அடைத்த சனம். தண்ணீர் கிடையாது. குடைகளைத் தலைகீழாகப் பிடித்து மழையை ஏந்திக் குடித்தார்கள். எனக்கு முன்னால் நடந்த முதியவர் உட்கார்ந்தார். பிறகு எழும்பவில்லை. மகள் முந்தானையால் அவருக்கு விசிறிக்கொண்டே இருந்தாள். சனம் அவளைச் சுற்றி விலகிப் போனது. நானும் விலகித்தான் போனேன்.

பாலம் முடிகிறது. திரும்பிப் பார்க்கிறேன். தலைகள். தலைகள் மட்டும்.

சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இருந்தோம். தினமும் தெருவுக்குப் போய் நின்றேன். கைவண்டில் வந்தால் ஓடிப் பார்ப்பேன்.

அடுத்த சித்திரையில் ஊர் திரும்பினோம். வீட்டுக்குக் கூரை இல்லை. வெளியேறாமல் தங்கிவிட்ட அயல்வீட்டு அன்னம்மா அக்கா வாசல் படலையடியில் வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வண்டில் கொண்டு வந்திட்டான், பிள்ளை. தேப்பனை ஏத்தியும் போட்டான். ஒழுங்கை முடக்கில செல் விழுந்தது. நானும் என்ர மனுசனுமாத்தான் உங்கட வளவுக்குள்ள தாட்டனாங்கள்."

ஒரே புதைகுழி. இருவரையும் பிரிக்க முடியவில்லை என்றார்.

இப்போது நான் புலம்பெயர்ந்து, வோபர்ன் என்ற ஊரில் இருக்கிறேன். ஆரணிக்கு முப்பது வயது. மிசிசாகாவில் வேலை. போன மாதம் காரில் என்னை ஏற்றிக்கொண்டு வரும்போது கேட்டாள்.

"அம்மா, அப்பா எங்களோட வந்திருக்கலாம் தானே? அவருக்கு ஒரு சொய்ஸ் இருந்ததே?"

"ஓம். இருந்தது."

"அப்ப அவர் தாத்தாவைத்தான் எடுத்தவர்."

"எங்களை முதல் அனுப்பினவர். அதுக்குப் பிறகுதான் தாத்தாவை எடுக்கப் போனவர்."

அவள் காரை ஒரு பெற்றோல் நிலையத்துக்குள் திருப்பி நிறுத்தினாள். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதாள். முப்பது வருடத்தில் அவள் அப்பாவுக்காக அழுது நான் கண்டது அன்றுதான். அதனால் எழுதுகிறேன்.

இழந்தவை இவை. மாமா, செல்லத்துரை, அறுபத்துநான்கு வயது. என் கணவர் சிவநேசன், இருபத்தொன்பது வயது. வீட்டின் கூரை, கதவுகள், யன்னல்கள். கலியாணப் படங்கள் முழுவதும். ஒன்றும் மிஞ்சவில்லை. ஆகவே இதையும் சேர்க்க வேண்டும்: ஆரணிக்கு, அப்பாவின் முகம்.