அஞ்சலை சொன்ன இரண்டாம் பாதி

"குனி! தலையக் குனி!"

கத்துவது அஞ்சலை. படிக்கட்டில் நான் முன்னால் இறங்குகிறேன். என் முதுகில் மதாம். எண்பதைத் தாண்டிய கிழவி. கனமில்லை. ஆனால் கழுத்தை இறுக்கிப் பிடித்திருக்கிறாள், மூச்சு முட்டுகிறது. வெளியே ஷெல் குண்டு வரும் விசில் சத்தம். நீளமாக. அது கேட்கிறவரை பயமில்லை. நின்றால்தான் பயம். நிற்கிறது. குனிகிறேன். சுவர் குலுங்குகிறது. மேலே கண்ணாடி எல்லாம் கொட்டுகிறது.

"இன்னாத்துக்கு நிக்கிற! ஓடுடி ஸ்டெல்லா!"

ஓடினேன். நிலவறையில் போய் மூன்று பேரும் விழுந்தோம். அன்று தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு அடுத்த வெள்ளி. பிற்பகல். மதாமுக்கு வைத்த கஞ்சி அடுப்பிலேயே இருந்தது.

ஊர்ப் பெயரை எழுத மாட்டேன். மதாமின் மகன் இன்னும் அங்கேதான் இருக்கிறார். வெளிநாட்டில் ஒரு கடலோரத்துப் பட்டணம். அது போதும். நான் புதுச்சேரிக்காரி. உழவர்கரை. தலைமுறையாகக் கத்தோலிக்கக் குடும்பம். அஞ்சலை வீராம்பட்டினம். அம்மன் தேர் ஓடும் ஆடி மாதத்துக்கு லீவு கொடுக்கவில்லை என்று ஒவ்வொரு ஆண்டும் அந்த மகனோடு சண்டை பிடிப்பாள். இரண்டு பேருக்கும் ஒரே வீட்டில் வேலை. அவள் சமையல். நான் கிழவியைப் பார்த்துக்கொண்டேன். வீட்டம்மாவை அங்கே மதாம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். எனக்குப் புதிதில்லை. எங்கள் தெருவில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் அம்மாவையும் அப்படித்தான் சொல்வோம்.

நிலவறையில் கரண்ட் இல்லை. ஒரு மெழுகுவத்தி. செபமாலையை எடுத்தேன். வேறென்ன செய்ய?

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மாதாவிடம் வேண்டும் சின்னச் செபம், மாலையின் ஒவ்வொரு மணிக்கும் ஒன்று. முதல் பாதியை ஒருவர் சொல்வார். இரண்டாம் பாதியை மற்றவர்கள் சேர்ந்து சொல்வார்கள். எங்கள் வீட்டில் முதல் பாதி எப்போதும் நான். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வேன். மீதியை வீடே சொல்லும். நாக்கு அப்படிப் பழகிவிட்டது.

அன்றும் முதல் பாதியைச் சொன்னேன். நிறுத்தினேன். வெளியே விசில்.

"அப்புறம்?" என்றாள் அஞ்சலை.

"அப்புறம் நீ சொல்லணும்டி."

"எனக்கு இன்னா தெரியும்? சொல்லிக் குடு."

சொல்லிக் கொடுத்தேன். கப்பென்று பிடித்துக்கொண்டாள். ஆனால் ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் "காப்பாத்து தாயே" என்றாள்.

"அப்படியெல்லாம் சேக்கக் கூடாதுடி."

"ஏன், தாயேன்னா உங்க மாதா கோவிச்சிக்குமா?"

எனக்கு வாய் சும்மா இருக்காது. பூசையில் பங்குச் சாமியார் ஒரு வார்த்தை விட்டால்கூட வெளியே வந்ததும் சொல்லிக்காட்டுவேன். அன்று அதற்கு மேல் திருத்தவில்லை. அடுத்த ஷெல் பக்கத்துத் தெருவில் விழுந்தது.

சனி. ஞாயிறு. திங்கள். விடிந்ததும் தொடங்கும். மதியம் கொஞ்சம் ஓயும். படிக்கட்டுக்குக் கீழே ஒரு மூலையில் எப்போதாவது சிக்னல் வரும். அஞ்சலை அங்கே போய்ப் போனில் பேசிப் பதிந்து அக்காவுக்கு அனுப்புவாள். என்ன பேசினாள் என்று நான் கேட்டதில்லை. எனக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. அனுப்ப ஆளில்லை.

செவ்வாய்க்கிழமை. மதியம். விசில் இல்லாமல் ஒன்று விழுந்தது. மெழுகுவத்தி அணைந்துவிட்டது. கூரையிலிருந்து மண் தலையில் கொட்டியது. கையிலிருந்த மணியை விடாமல் முதல் பாதியைச் சொன்னேன். இருட்டுக்குள்ளிருந்து அஞ்சலையின் குரல் வந்தது. நடுக்கமில்லை. கடைசியில் "காப்பாத்து தாயே" என்றாள். கூடவே இன்னொரு குரல். "தாயே." மதாம். தமிழில்!

"ஐயோ, கெழவி தமிழ் கத்துக்கிச்சுடி!"

சிரித்தோம். மண்ணைத் துப்பித் துப்பிச் சிரித்தோம். மதாமும் சிரித்தாள். பிறகு சிரிப்பு அடங்கியது. எனக்குள் ஒன்று மட்டும் அடங்கவில்லை. பிழைத்தாலும் சரி, செத்தாலும் சரி, இயேசு இந்த மண்ணுக்குள் எங்களோடு உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தது. நினைத்துக்கொள்ளவில்லை. தெரிந்தது. இத்தனை வருஷம் கோவிலுக்குப் போய் எனக்கு அது தெரிந்ததில்லை. சந்தோஷம் என்றுதான் அதைச் சொல்ல முடியும். என்னிடம் வேறு சொல் இல்லை.

வியாழக்கிழமை. காலை. ஒரு சத்தமும் இல்லை. மதாமின் மாத்திரை மேலே இருந்தது. மேலே போவது அன்று அஞ்சலையின் முறை. "தண்ணியும் எடுத்தாறேன்" என்று போனாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. பிறகு விசில்.

"அஞ்சலை! கீழ வா! கீழ வாடி!"

கத்தினது நான். விசில் நின்றது. படிக்கட்டு முழுக்கப் புழுதி இறங்கியது. என் இடது காதில் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

மாலையில் ஆட்கள் வந்து அவளை எடுத்தார்கள். ஊருக்கு அனுப்ப வழியில்லை என்றார்கள். அங்கேயே புதைத்தார்கள். அன்று செபமாலையை எடுத்து முதல் பாதியைச் சொன்னேன். நிறுத்தினேன். மதாம் மயக்கத்தில் கிடந்தாள். இரண்டாம் பாதி வரவே இல்லை.

அன்றோடு விட்டுவிட்டேன்.

இப்போது உழவர்கரையில் தம்பி வீட்டில் இருக்கிறேன். தம்பிக்குத் தட்டாஞ்சாவடியில் பட்டறை வேலை. ஒரு நாள் சாப்பாடு கொண்டுபோனேன். யாரோ தகட்டைக் கீழே போட்டார்கள். நான் லாரிக்கு அடியில் கிடந்தேன். தம்பிதான் இழுத்து வெளியே விட்டான்.

போன மாதம் அடுத்த தெரு ரோஸ்லின் வந்தாள். எங்கள் தெருக்களின் செபக் கூட்டத்தை அவள்தான் நடத்துகிறாள். நல்ல பெண்.

"ஞாயித்துக்கெழம நீங்க சாட்சி சொல்லணும் ஸ்டெல்லாக்கா. ஆண்டவரு உங்கள மட்டும் எப்படிக் காப்பாத்தினாருன்னு சொல்லுங்க. கேக்கறவங்களுக்கு சந்தோஷமா இருக்கும்."

"மட்டும்னா? அப்ப அஞ்சலைய யாரு கைவுட்டது? சொல்லுடி!"

ரோஸ்லின் முகம் செத்துப்போனது. எழுந்து போய்விட்டாள். அவள்மேல் கோபமில்லை. செவ்வாய்க்கிழமை வந்தாரே, அவர்மேல் கோபம். அந்தச் சந்தோஷம் நிஜமா, இல்லை, பயத்தில் புத்தி பேதலித்ததா? நிஜமென்றால் வியாழக்கிழமை அவர் எங்கே போனார்? பொய்யென்றால் எனக்கு இனி என்ன இருக்கிறது? சமையல்கட்டில் நின்று இயேசு சுரூபத்தைப் பார்த்துச் சத்தம் போட்டேன்.

ஞாயிறு வந்தது. கூட்டத்துக்குப் போகவில்லை. ஆட்டோ பிடித்து வீராம்பட்டினம் போனேன். திரும்பி வந்த நாளிலிருந்து போகப் பயந்துகொண்டிருந்த இடம். அஞ்சலையின் அக்கா செல்வி வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"நீதான ஸ்டெல்லா? போட்டோவுல பாத்திருக்கேன். வா." கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "வலிச்சிதா அவளுக்கு?"

"இல்லக்கா. ஒடனே போய்ட்டா."

உண்மைதான். எடுத்தபோது அவள் முகத்தை நான் பார்த்தேன். இரண்டு பேரும் வெகுநேரம் அழுதோம். பொழுது சாய்ந்தது. செல்வி உள்ளே போய் விளக்கு வைத்தாள். அம்மன் படம். பக்கத்தில் அஞ்சலை படம், காய்ந்த மாலையோடு. செல்வியின் புருஷன் வந்து உட்கார்ந்தார். அஞ்சலையின் மகள் வந்து உட்கார்ந்தாள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"ஆரம்பி" என்றாள் செல்வி.

"எத?"

"உன் பாதிய. அங்கேருந்து அவ இதத்தான் பேசி அனுப்பினா. பயமா இருந்தா சொல்லுங்கன்னா. வெளக்கு வச்சா தெனம் சொல்றோம். அவ பாதிதான் எங்ககிட்ட இருக்கு. மொதப் பாதி யாருக்கும் தெரியல."

இத்தனை நாளும் இந்த வீடு இரண்டாம் பாதியை மட்டும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. முதல் பாதி உழவர்கரையில் என் வாய்க்குள் கிடந்திருக்கிறது.

பையிலிருந்து செபமாலையை எடுத்தேன். சொன்னேன். பாதியில் நிறுத்தினேன். என்னால் அவ்வளவுதான் முடியும்.

மூன்று குரல்கள் மீதியைச் சொல்லின. அஞ்சலையின் வேகத்திலேயே. முடிவில் மகள் குரல் ஓங்கியது. "காப்பாத்து தாயே."

திருத்தவில்லை. என் கேள்விக்குப் பதிலும் வரவில்லை. வியாழக்கிழமை அப்படியேதான் இருக்கிறது. ஆனால் நிலவறையில் எங்களோடு இருந்தவர் இங்கேயும் வந்து உட்கார்ந்தார். அதே ஆள். அதே சந்தோஷம். நான் அழுதுகொண்டேதான் இருந்தேன். அடுத்த மணிக்கு விரலை நகர்த்தினேன்.

இப்போது ஞாயிறுதோறும் செல்வி வீட்டுக்குப் போகிறேன். ரோஸ்லினிடம் மன்னிப்புக் கேட்டு, சாட்சியை எழுதித் தருகிறேன் என்றேன். இதுதான் அது. பறிபோனதையெல்லாம் சொல்லாமல் முடிக்கக் கூடாது.

ஒரு வீடு. மாடி, சமையல்கட்டு, படிக்கட்டில் பாதி. மதாம், சண்டை ஓய்ந்த வாரத்தில், ஆஸ்பத்திரியில். என் இடது காது. அஞ்சலை, வீராம்பட்டினம், வயது நாற்பத்தொன்று, ஒரு மகளுக்குத் தாய். உடம்பு ஊர் வரவில்லை. அவள் பாதி வந்தது.