பெயர் சொன்னவர்கள்

கல் விழுகிறது. ஆட்டோ கூரையில் தொம் என்று ஒன்று. பின் கண்ணாடியில் அடுத்தது. சலீர். நான் ஓட்டுகிறேன். பின்சீட்டில் நசீர் பாய். கையில் போன். லைவ் இன்னும் ஓடுகிறது. மதியம் மூன்று பத்து.

"நிறுத்தாத ஏழுமலை. மெயின் ரோட்டுக்குப் போ."

கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு கிராமம். சுடுகாட்டு வழியை மேலத்தெருக்காரர்கள் முள்வேலி போட்டு அடைத்திருந்தார்கள். கீழத்தெருவில் சரோஜாவின் அப்பா இறந்து இரண்டு நாள். பிணம் வீட்டிலேயே கிடந்தது. பத்திரிகைக்காரர் ஒருவரும் வரவில்லை. பாய் வந்தார். திருவண்ணாமலையில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். இணையத்தில் செய்தி சேனலும் நடத்துகிறார். அவருக்கு ஆட்டோ ஓட்டுவது நான்.

பாயிடம் ஒரு வழக்கம். யார் பேசினாலும் முதலில் பெயர், தெரு, வீட்டு அடையாளம். இல்லாவிட்டால் கட்டுக்கதை என்பார்கள். அன்றும் கேட்டார்.

"பேரு சொல்லியே ஆவணுமா பாய்?" சரோஜா கேட்டாள்.

"சொன்னாத்தான்மா நம்புவாங்க."

"சரி. மறைக்கிறதுக்கு நான் என்ன மந்திரி பொண்டாட்டியா?"

சொன்னாள். கீழத்தெரு, வேப்பமரத்து வீடு. அவள் தம்பி குப்பன் சொன்னான். பக்கத்து வீட்டு வேதகிரியும் சொன்னார். வேலி போட்டவர்கள் யார் என்பதையும் சொன்னார்கள்.

மேலத்தெருவிலும் போன் இருக்கிறது. எங்களுக்கு அது தோன்றவில்லை. பத்து நிமிடத்தில் வந்துவிட்டார்கள்.

மெயின் ரோடு வரை துரத்தினார்கள். அங்கே விட்டுவிட்டுத் திரும்பினார்கள். தப்பித்தோம் என்று நினைத்தேன். பாய் கமெண்டைப் படித்தார்.

"வேப்பமரத்து வீடாம். வாங்கடா."

லைவை நிறுத்தினார். "திருப்பு" என்றார். திருப்பினேன். போவதற்குள் புகை தெரிந்தது.

மறுநாள் ஒரு இன்ஸ்பெக்டர் பாயைக் கூப்பிட்டார். "வீடியோவ அழி. தூண்டிவிட்டதே நீதான்டா." வழக்கு பாய் மேல். வேலி போட்டவர்கள் மேல் இல்லை.

வேலிக்கு இருந்த சாட்சி அந்த வீடியோ ஒன்றுதான். பாய் அழிக்கவில்லை. பெயர்களை மட்டும் வெட்டிவிடட்டுமா என்று ஆஸ்பத்திரியில் சரோஜாவிடம் கேட்டார். அவள் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என் தம்பி பேசறது அதுலதான் இருக்கு. வெட்டாதீங்க."

வெட்டவில்லை. போலீஸ் பாயின் போனைப் பறித்துக்கொண்டு சேனலை முடக்கிவிட்டது.

போனவை இவை. ஆட்டோ கண்ணாடி ஒன்று. வீடுகள் நான்கு. பாயின் போன். வேதகிரியின் வலது கண். சரோஜாவின் விரல்கள் இரண்டு. குப்பன். வயது இருபத்தாறு.