நவமணியின் இரண்டாவது குப்பி

கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் திரு. பழனியப்பன் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் சான்றோர்களே, எங்கள் ஆய்வுப் படகை ஓட்டும் கமாலுதீன் அவர்களே, அம்மா நவமணியை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சாந்தினி, ஜெலுத்தோங் ஃபிளாட்டுகளிலிருந்து வந்திருக்கும் அன்பர்களே, அனைவருக்கும் மெய்யநாதனின் வணக்கம்.

எனக்கு முன் பேசிய மூவரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள். ஆய்வக மூத்த உதவியாளர் திருமதி நவமணி சுகுமாரன் நம்பிக்கைக்கு உரியவர் என்றார்கள். நான் பதினோரு ஆண்டுகள் அவருக்கு மேலதிகாரியாக இருந்தவன். நான் அவரை நம்பவில்லை. இதை வெளியில் சொல்லாமல் அவர் படத்துக்கு இந்த மாலையைப் போட எனக்குக் கை வரவில்லை.

எங்கள் வேலை என்ன என்று பலருக்குத் தெரியாது. தண்ணீரில் இலேசான தண்ணீரும் உண்டு, கொஞ்சம் கனமான தண்ணீரும் உண்டு. ஐசோடோப்பு என்று நாங்கள் சொல்வது இந்த வேறுபாட்டைத்தான். கடல் ஆவியாகும்போது இலேசானது முந்திக்கொள்ளும், கனமானது பின்தங்கும். ஆகவே காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்து இரண்டும் எவ்வளவு என்று அளந்தால், அந்த ஈரம் எப்படிக் கிளம்பி வந்தது என்று கண்டுபிடிக்கலாம். பினாங்கில் நம் தலையில் கொட்டும் மழை பக்கத்து நீரிணையில் எழுந்ததா, அந்தமான் கடலைத் தாண்டி வந்ததா? அதற்குப் பதில் தேடித்தான் நவமணி அம்மையார் புதன்கிழமைதோறும் படகேறினார்.

அங்கே அவர் செய்தது என்ன? உலர் பனிக்கட்டிக்குள் புதைத்த கண்ணாடிக் குழாய் வழியாகக் கடற்காற்றை இரண்டு மணி நேரம் இழுப்பார். ஈரம் குழாயின் சுவரில் உறைந்து நிற்கும். அதை உருக்கிக் குப்பியில் அடைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுவருவார். பனிக்கட்டி குறைந்தால் ஈரத்தில் ஒரு பங்கு உறையாமல் தப்பிவிடும். தப்புவது பெரும்பாலும் இலேசானது. குழாயில் தங்குவது அளவுக்கு மீறிக் கனமாக இருக்கும்.

மூன்றாண்டுகளுக்கு முன் எண்கள் கனக்கத் தொடங்கின. ஒரு வாரம் இரண்டு வாரம் இல்லை, பதினான்கு மாதம். நான் யாரைச் சந்தேகப்பட்டேன்? கடலையா? கருவியையா? என்னையா? நவமணியைச் சந்தேகப்பட்டேன். இந்த அம்மா பனிக்கட்டியைக் குறைத்துப் போடுகிறார், நேரத்தைக் குறைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

படகுத்துறையில் கமாலுதீனைத் தனியாக இழுத்துப்போய் விசாரித்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “டாக்டர், அந்த அக்கா ரெண்டு மணி நேரத்துல ஒரு நிமிஷம் கொறைச்சதில்ல லா. அலை அடிக்கிற நாள்ல வாந்தி எடுத்துக்கிட்டே ஐஸ் போடும். நீங்க ஒரு தடவ வந்து பாருங்களேன்” என்றார். நான் போனேனா? போகவில்லை. வாரந்தோறும் அந்த அம்மா இவருக்கு நாசி லெமாக் சோறு கட்டிக் கொடுக்கிறார், அதனால் பரிந்து பேசுகிறார் என்று அவரையும் சேர்த்துச் சந்தேகப்பட்டேன். கமாலுதீன் சிரிக்கிறார். சிரியுங்கள் ஐயா, உங்களுக்கு அந்த உரிமை உண்டு.

பிறகு இன்னும் கீழே இறங்கினேன். வெப்பநிலையைத் தானாகப் பதிவு செய்யும் சிறு கருவி ஒன்றை அவருடைய பனிக்கட்டிப் பெட்டியின் அடியில் யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்தேன். மறுநாள் காலை அது என் மேசைமேல் இருந்தது. துடைத்து, கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார். “சார், உங்க சாமான் ஒண்ணு என் பெட்டியில விழுந்து கெடந்துச்சு. கழுவிக் கொண்டாந்துட்டேன்” என்றார். முகத்தில் கோபமே இல்லை. கருவியில் பதிவான குளிர் துளியும் பிசகவில்லை. எனக்கு அப்போதாவது புத்தி வந்ததா? கருவி இருப்பது தெரிந்ததால் அன்றைக்கு மட்டும் ஒழுங்காகச் செய்திருக்கிறார் என்று நினைத்தேன்.

பதினான்காம் மாத முடிவில் அவரைப் படகிலிருந்து இறக்கி, சாமான் கணக்கு பார்க்க ஸ்டோருக்கு அனுப்பினேன். அந்த மாதங்களின் பதிவுக்கு நேரே ‘ஐயத்துக்குரியது’ என்று என் கையால் எழுதினேன். அவர் இறங்கிய அடுத்த மாதமே எண்கள் சரியாயின. பார்த்தீர்களா என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டேன். அந்த நாலு பேரில் இரண்டு பேர் இந்த அரங்கத்தில்தான் இருக்கிறார்கள்.

சென்ற மாதம் மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது. துக்கம் கேட்க ஜெலுத்தோங் வீட்டுக்குப் போனேன். சொல்லவே கூச்சமாக இருக்கிறது. காப்பி குடித்து முடித்ததும், “ஆபீஸ் சாமான் ஏதாவது வீட்டில் இருக்கிறதாம்மா?” என்று சாந்தினியிடம் கேட்டேன். துக்க வீட்டிலும் என் புத்தி அப்படித்தான் போனது.

சாந்தினி எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்தாள். “கேட்டுட்டீங்க லா சார். அம்மா சொல்லி வச்சிருந்தாங்க. எனக்கு ஏதாவது ஆனா சார் வருவாரு, ஆபீஸ் சாமான் இருக்கான்னு கேப்பாரு, அப்ப இதக் குடுன்னு.”

கீழ்த்தட்டில் ஐம்பத்தேழு குப்பிகள். கழுத்துவரை நிரப்பி, மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றி, தேதி எழுதியவை. ஒவ்வொரு புதன்கிழமையும் உருக்கிய நீரை அவர் இரண்டாகப் பிரித்திருக்கிறார். ஒன்று எனக்கு. மற்றது என்னை நம்பாமல் எடுத்து வைத்தது. ஆம், அவரும் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறார். ஆனால் அவருடைய சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது.

உயிரோடு இருந்தபோதே அம்மா ஏன் காட்டவில்லை என்று கேட்டேன். “காட்டினா, வீட்டுப் பைப் தண்ணிய ஊத்தி வச்சிருக்கான்னு சொல்வீங்கன்னாங்க சார்.” சொல்லியிருப்பேன். கட்டாயம் சொல்லியிருப்பேன்.

குப்பிகளை என் கையால் அளக்கவில்லை. எது எந்தத் தேதி என்று சொல்லாமல் ஆய்வு மாணவி அதிராவிடம் கொடுத்தேன். பாதி அளவை வேறோர் ஆய்வகத்துக்கும் அனுப்பினேன். இரண்டு இடத்திலும் ஒரே விடை. ஒன்றுகூடக் கனக்கவில்லை; ஐம்பத்தேழும் சுத்தமான கடற்காற்றின் ஈரம். பைப் தண்ணீரை ஊற்றி அந்த எண்களை வரவழைக்க முடியாது.

அப்படியானால் என்னிடம் வந்த குப்பிகள் ஏன் கனத்தன? பழைய கோப்பைத் திறந்தேன். எண்கள் கனக்கத் தொடங்கிய அதே மாதம் ஆய்வகத்தில் குப்பி மூடியை மாற்றியிருந்தோம். அந்த மூடி இறுக்கமாகப் பிடிக்காது. குப்பிகள் என் அலமாரியில் முறைக்காக வாரக்கணக்கில் காத்திருந்தபோது இலேசான தண்ணீர் மெல்ல வெளியேறிவிட்டது. அவருடைய குப்பிகளை மெழுகு காத்தது. அந்த மூடிகள் தீர்ந்ததும், அவர் படகிலிருந்து இறங்கியதும் ஒரே மாதம். மூடியைத் தேர்ந்தெடுத்துக் கையெழுத்துப் போட்டவன் நான். எண்களையும் மூடி மாற்றிய தேதியையும் ஒப்பிட்டிருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவன் என் அலமாரியைச் சந்தேகப்படவில்லை. நவமணி அம்மா, என்னை மன்னித்துவிடுங்கள் என்று கேட்கிறேன். கேட்க வேண்டிய நேரம் கடந்துவிட்டது என்றும் தெரிகிறது.

அந்தப் பதினான்கு மாதப் பதிவை நீக்கிவிட வரும் செவ்வாய்க்கிழமை எங்கள் ஆய்வுக் குழு கூடுகிறது. நீக்க விடமாட்டேன். ‘ஐயத்துக்குரியது’ என்று எழுதிய அதே கையால் அதை அடித்து, அவருடைய குப்பிகளின் எண்களைப் பதிந்து, அந்தப் பதிவின்மேல் நவமணி சுகுமாரன் என்று எழுதுவேன். நான் மனம் மாறிவிடக்கூடும் என்று எனக்கே சந்தேகம் இருப்பதால்தான் இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன்.

புதன்கிழமை வேலை நிற்காது. ஒவ்வொரு மாதிரியும் இனி இரண்டு குப்பி. இரண்டாவது என் கைக்கு எட்டாத இடத்தில், சாந்தினி ஒப்புக்கொண்டால் அதே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இருக்கட்டும். இந்த வாரம் கமாலுதீனோடு நானே போகிறேன். எனக்கும் வாந்தி வரும். பரவாயில்லை. அதிரா, அந்தப் பதிவுக் கருவி உன் மேசையில் இருக்கிறது. எனக்குத் தெரியாமல் என் பெட்டியில் போட்டு வை அம்மா. மறுநாள் கழுவிக் கொண்டுவந்து தருகிறேன்.