பதினேழாம் நம்பர்

மத்தியானம் மூணேகால் மணி.

என்ன சிரிப்பு? பேய்னா ராத்திரி பன்னெண்டு மணிக்குத்தான் வரணும்னு எங்கயாவது எழுதி ஒட்டியிருக்கா? கரண்ட் வர்ற வரைக்கும் பேய்க் கதை வேணும்னு கேட்டது நீங்கதான். வாயை மூடிக்கிட்டுக் கேளுங்க. டேய் குண்டா, அக்கா காலை மிதிக்காம தள்ளி உக்காரு.

இது என் ஃப்ரெண்டோட மச்சானுக்கு நடந்தது. ஞாயித்துக்கிழமை. ஸ்கூட்டர்ல போறான். அவன் படிச்ச பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்க ரோடு... ஒரு பக்கம் காம்பவுண்டு சுவர், இந்தப் பக்கம் பூட்டிக் கிடக்கிற குடோனுங்க. ஈ காக்கா கிடையாது. தார் உருகுற வெயில். அந்த வெயில்ல... ஈரத்துணி வாடை. சரியாக் காயாத சட்டையை மடிச்சு வெச்சா ஒரு வாடை வருமே, அது. சுத்திச் சுத்திப் பாத்தான். ஒரு துணியும் இல்ல, கொடியும் இல்ல. பள்ளிக்கூட கேட்டு வரைக்கும் அது வண்டி கூடவே வந்துச்சு.

அவன் போனது பத்தாங்கிளாஸ் செட்டு சந்திப்புக்கு. இருபத்திரெண்டு வருஷமா ஒரு வருஷம் விடாமக் கூடுறாங்க. மொத வருஷம் ஐஸ்கிரீம் கடை, எல்லாரும் சைக்கிள். அப்புறம் ஒவ்வொருத்தருக்கா கல்யாணம், கைக்குழந்தை, சொட்டை, சுகர் மாத்திரை. ரெண்டு பேர் சண்டை போட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு, அடுத்த வருஷமே கட்டிப் பிடிச்சு அழுதாங்க. நல்ல செட்டு. யாருக்கு என்ன ஆஸ்பத்திரிச் செலவுன்னாலும் ஓடி வந்து நிப்பாங்க. அதைச் சொல்லணும் இல்ல?

அவங்களுக்கு ஒரு வழக்கம். டிஃபனுக்கு முன்னாடி அட்டெண்டன்ஸ். இந்த மச்சான்தான் அப்ப கிளாஸ் லீடர். நோட்டைப் பிரிச்சு நம்பர் கூப்பிடுவான். ஒவ்வொருத்தரா எழுந்து "உள்ளேன் ஐயா". பதினேழு வந்ததும் மட்டும் எல்லாரும் சேந்து, "ஆப்சென்ட் சார்!"... ஒரே சிரிப்பு. வருஷா வருஷம்.

ஏன்னு கேக்கறியா? இரு, வர்றேன்.

பதினேழாம் நம்பர் ஒரு பையன். ஒரே ஒரு யூனிஃபார்ம். ராத்திரி துவைச்சுப் போட்டு, காலைல ஈரத்தோட மாட்டிக்கிட்டு வருவான். மழைக்காலத்துல அவன் பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்க. கிளாஸ் வாத்தியாருக்குக் கண்ணு சரியாத் தெரியாது, தலையை நிமிர்த்தாமக் காதால கேட்டே அட்டெண்டன்ஸ் போடுவாரு. ஒருநாள் லீடர் ஒரு விளையாட்டு ஆரம்பிச்சான். பதினேழுன்னதும் எல்லாரும் கத்துறது, "ஆப்சென்ட் சார்!"னு. அந்தப் பையன் "உள்ளேன் ஐயா"ன்னது யாரு காதுலயும் விழல. ஆப்சென்ட் போட்டுட்டாரு.

ஒருநாளோட விட்டிருக்கலாம். விடல. மாசக்கணக்கா. அவன் ஸ்டாஃப் ரூமுக்குப் போய்ச் சொல்லியிருக்கான். "நாப்பது பேரும் பொய் சொல்லுவாங்களாடா?"ன்னு திட்டி அனுப்பிட்டாரு. கடைசில பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வந்தப்ப, அவனுக்கு மட்டும் இல்ல. வருகை போதாதாம்.

அவன் நேரா லீடர்கிட்டதான் வந்தான். "ஹெச்.எம். கிட்ட நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும்டா. நீ சொன்னா நம்புவாரு." அவன் வெளிய வராண்டாவுல நிக்கிறான். உள்ள ஹெச்.எம். கேக்கறாரு, "அந்தப் பையன் கிளாஸுக்கு வந்தானா, வரலையா?" வந்தான்னு சொன்னா, விளையாட்டை ஆரம்பிச்சது யாருன்னு அடுத்த கேள்வி வரும். டி.சி. குடுத்து அனுப்பிட்டா வீட்ல அப்பா தோலை உரிச்சுடுவாரு. நான் கையைக் கட்டிக்கிட்டு, "வரல சார்"னேன்.

"மாமா... நான்னு சொல்றீங்க."

...

ஆமாண்டி. நான்தான். ஃப்ரெண்டும் இல்ல, மச்சானும் இல்ல. உங்க அத்தைக்குக்கூட இது தெரியாது. உங்க மூஞ்சி தெரியாம இருட்டா இருக்கிறதாலதான் வாய்ல வருது.

வெளிய வந்தேன். "சொல்லிட்டியாடா?"ன்னான். "சொல்லிட்டேன்"னேன். அவன் முகம் எப்படி மலர்ந்துச்சு தெரியுமா... ரெண்டு ரெண்டு படியாத் தாவிக்கிட்டு இறங்கிப் போனான். அதுதான் நான் அவனைக் கடைசியாப் பாத்தது. பரீட்சைக்கு வரல. படிப்பை விட்டுட்டான்னு நினைச்சோம். நினைச்சோமா, நினைச்சுக்கிட்டோமா... விடு.

இந்த வருஷம் சந்திப்புக்கு ஒரு வாரம் முன்னாடி, எங்க செட்டுல ஒருத்தி, நர்ஸு, குரூப்ல மெசேஜ் போட்டா. அவ ஆஸ்பத்திரிக்கு ரத்தம் டெஸ்ட் பண்ண வந்த ஒரு அம்மா, பதினேழோட அக்காவாம். பரீட்சை அன்னைக்குக் காலைல, 'லீடர் சொல்லிட்டான், ஹால் டிக்கெட் அங்கயே குடுப்பாங்க'ன்னு கிளம்பியிருக்கான். பின்பக்க ரோட்ல லாரி. 'இந்த வருஷம் யாரும் ஆப்சென்ட்னு கத்தாதீங்க, ப்ளீஸ்'னு எழுதியிருந்தா.

அன்னைக்கு எல்லார் முன்னாடியும் உண்மையைச் சொல்லிடணும்னு முடிவு பண்ணித்தான் ஸ்கூட்டரை எடுத்தேன். சத்தியமா. வழி பூரா சொல்லிப் பாத்துக்கிட்டே போனேன்.

எங்க பழைய கிளாஸ் ரூமையே திறந்து விட்டிருந்தாங்க. நோட்டைப் பிரிச்சேன். பதினஞ்சு... பதினாறு... "பதினேழு"ன்னேன். ஒருத்தரும் மூச்சு விடல. நர்ஸு கண்ணைத் துடைச்சுக்கிட்டா. எல்லாரும் என்னையே பாக்கறாங்க. வாயைத் திறந்தேன். அப்ப கடைசி பெஞ்சுப் பக்கம்... சொட்... சொட்... தரையில தண்ணி விழற சத்தம்.

"பதினெட்டு"ன்னேன்.

த்தூ. என்னையே நான் காறித் துப்பிக்கணும்.

போட்டோ எடுக்க எல்லாரும் கீழ போயிட்டாங்க. சாவி என்கிட்ட. ஜன்னலை எல்லாம் சாத்திட்டுத் திரும்பறேன்... கடைசி பெஞ்சுல உக்காந்திருக்கான். வெள்ளைச் சட்டை உடம்போட ஒட்டிக் கிடக்கு. அதே பதினஞ்சு வயசு. என்னைப் பாத்ததும் எழுந்து நின்னான், மரியாதையா.

"சார்... நீங்க புதுசா வந்த சாரா?"

என்னை அடையாளம் தெரியல அவனுக்கு. எப்படித் தெரியும்? தொப்பையும் நரையுமா நிக்கிறேன்.

"வருகை குறையுதுன்னு சொல்லிட்டாங்க சார். அதான் லீவு நாள்லயும் வர்றேன். எத்தனை நாள் ஆச்சுன்னு எனக்கே எண்ணிக்கை விட்டுப் போச்சு... யாரும் போட மாட்டேங்கிறாங்க. எங்க லீடரைக் கேளுங்க சார். அவன் ஹெச்.எம். கிட்டயே சொல்லியிருக்கான். நல்லவன் சார் அவன்."

அவன் கண்ணுல கோவம் இருந்திருந்தா நான் தப்பிச்சிருப்பேன். நம்பிக்கைடா... அவ்வளவு நம்பிக்கை. 'நான்தான்டா அந்த நாய்'னு ஒரு வார்த்தை. ரூம்ல வேற ஒரு ஆள் கிடையாது. செத்தவன்கிட்ட உண்மையைச் சொல்ல என்னய்யா பயம்?

"சரி தம்பி"ன்னேன். "அவனைக் கேக்கறேன்."

வெளிய வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுப் பூட்டினேன். உள்ளேருந்து அவன் தட்டல, கூப்பிடல. பெஞ்சு லேசாக் கிரீச்சுன்னுச்சு... அவ்வளவுதான். ஓரமாத் தள்ளி உக்காந்து, பக்கத்துல இன்னொருத்தனுக்கு இடம் விடுற சத்தம்.