மானுக்கான ஐந்து தோட்டா

"தோட்டாவுக்கு வெடிமருந்தை நிறுத்துத்தானே போடுறே, இங்கெல்?" என்று ஹெல்மர் பெரியப்பா ஒருமுறை என்னைக் கேட்டார். நிறுத்துத்தான் போட்டேன். ஒவ்வொன்றையும் தராசில் இரண்டு முறை நிறுத்தேன். கவனக்குறைவானவள் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது.

பள்ளியில் ஆசிரியர் பெயர் சொல்லி அழைத்தாலே எனக்கு வியர்த்துவிடும். பதினாறு வயதில் நின்றுவிட்டேன். பிறகு எங்கள் ஊர் வேட்டைக் குழுவில் சேர்ந்து, எல்லோருக்கும் தோட்டா அடைத்துக் கொடுக்கும் வேலையை எடுத்துக்கொண்டேன். தோட்டாவின் பித்தளைக் கூடுகளோடு பேச வேண்டியதில்லை. இந்த வடதேசத்து யேம்ட்லாந்து மாவட்டத்தில் ஆண்கள் செப்டம்பரில் மூஸ் மான் சுடுவார்கள். மற்ற மாதங்களில் தோட்டாவைப் பற்றிப் பேசுவார்கள். ஆளுக்கொரு ரகசிய மருந்து அளவு சொல்லுவார்கள். நான் ஏழு பேருக்கும் ஒரே அளவைப் போட்டு, பெட்டியின் மேல் சீட்டை மட்டும் மாற்றி ஒட்டுவேன். "என் தோட்டா மாதிரி உன்னோடது நேராப் போகாதுப்பா" என்று அவர்கள் சண்டை போடுவதைக் கேட்க இதமாக இருக்கும்.

பெரியப்பா விஷயம் வேறு. அவருடைய ஆஸ்திரியத் துப்பாக்கிக்கு நூறு வயது தாண்டிவிட்டது. நீளமான, கனத்த, மொட்டை மூக்குக் குண்டுக்கென்றே அதன் குறியைப் பொருத்தியிருந்தார்கள். புது லேசுக் குண்டு அதில் எங்கெங்கோ போகும். கனத்த குண்டோ சுலபத்தில் கிடைக்காது. அதனால் தாளில் சுட்டுப் பார்க்க இரண்டு, மானுக்கு ஐந்து என்று தனித்தனிப் பெட்டியில் கொடுப்பேன். மானுக்கான பெட்டியை வேட்டைக்கு முன் திறப்பது எங்கள் ஊரில் அபசகுனம்.

சதுப்பு ஓரத்து இடம் அவருடையது. அங்கே உட்கார்ந்தால் மான் தானாக வரும். இரண்டு மானைக் காயப்படுத்தி ஓடவிட்டவர் தன் இடத்தை வரிசையில் அடுத்தவருக்கு விட வேண்டும் என்பது குழுவின் சட்டம். அடுத்தவள் நான். ஒன்பது வருடம் ஜல்லிக் குழி ஓரத்தில் உட்கார்ந்து லாரிகளைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்த இடத்தின் மேல் எனக்கு ஆசை இருந்ததில்லை. ஈரத்தில் அவர் இருமுவதுதான் பொறுக்கவில்லை.

மானுக்கான ஐந்திலும் மருந்தைக் குறைத்தேன்.

முதல் வருடம் குண்டு தாழ்ந்து ஒரு கிடாவின் காலில் பட்டது. அவருடைய நாய் தூவா இரண்டு நாள் தேடிக் கண்டுபிடித்தது. மறுவருடம் ஒரு பெட்டை. அது கிடைக்கவே இல்லை. மான் உரிக்கும் கொட்டகையில் எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"துப்பாக்கிக்கு நூறு, ஆளுக்கு எழுபத்திமூணு. எதைண்ணே முதல்ல கழிக்கிறது?" என்றார் குழுத் தலைவர் ரோலண்ட்.

"துப்பாக்கிய ஒண்ணும் சொல்லாதே. தாள்ல ரெண்டும் நடுவுல விழுந்துச்சு" என்றார் பெரியப்பா.

"அப்ப தோட்டாவா?"

"இங்கெல் அடைச்சதுடா அது. வாயக் கழுவு."

எனக்குப் பெருமையாக இருந்தது.

பெரியப்பாவின் கண் நன்றாக இருக்கிறது, கையும் நடுங்கவில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அப்படியானால் கெட்டுப்போனது மூளைதான் என்று பெரியப்பா தாமாகவே முடிவு கட்டிக்கொண்டார். கார் ஓட்டுவதை நிறுத்தினார். வீட்டை விற்றுவிட்டு முதியோர் இல்லத்துக்குப் போனார். அங்கே நாய்க்கு அனுமதி இல்லை. பத்து வயது வேட்டை நாய் புது ஆளிடம் பழகாது. நான் அடைத்துக் கொடுத்த ஐந்து தோட்டாவில் மிச்சமிருந்த ஒன்றை எடுத்துக்கொண்டு தூவாவோடு காட்டுக்குள் போய்த் தனியாகத் திரும்பி வந்தார். அவ்வளவு அருகில் சுடும்போது மருந்துக் குறைவு ஒரு குறையே இல்லை.

இந்த வருடம் சதுப்பு ஓரத்தில் பதினாறு கிளைக் கொம்புக் கிடா ஒன்றைச் சாய்த்தேன். முதல் பனி விழுந்த பிறகு, இங்கே விருந்தாகக் கருதப்படும் அதன் நாக்கை வேகவைத்து எடுத்துக்கொண்டு இல்லத்துக்குப் போனேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, தமக்குத் தெரிந்தவர்களின் பெயர்களை மறந்துவிடாமலிருக்க ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது. அவர் மனம் தேறட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் கண்ணிலும் கையிலும் மூளையிலும் எந்தக் கோளாறும் இல்லை, மருந்தைக் குறைத்தது நான்தான் என்று பொறுமையாக விளக்கினேன்.

இதைவிட நல்ல செய்தியை அந்த இல்லத்தில் யாரும் யாருக்கும் கொண்டுவந்திருக்க மாட்டார்கள். அவர் முழுவதையும் கேட்டார். சந்தோஷத்தில் அவருக்குப் பசியே போய்விட்டது என்று நினைக்கிறேன். மான் நாக்கைத் தொடவில்லை. எழுந்து, கோட்டையும் தொப்பியையும் கொக்கியிலேயே விட்டுவிட்டு, கதவைத் திறந்து பனியில் இறங்கிப் போனார்.